தீராத வயிற்றுவலி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம். தற்கொலை, குடி அடிமைத்தனம் பற்றிய பேச்சு இதில் வருகிறது. மனசு சரியில்லாத நேரம் என்றால் பிறகு படியுங்கள்.)

தமிழ் நாளிதழ்ல மாவட்டச் செய்திப் பக்கம் படிக்கிற பழக்கம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்குன்னு தெரியலை. எனக்கு உண்டு. ஊரை விட்டு வந்தவங்களுக்கு அது ஒரு வியாதி மாதிரி. அந்தப் பக்கத்துல ஓரமா நாலு வரிச் செய்தி ஒண்ணு வரும், கவனிச்சிருப்பீங்க. "தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த கூலித்தொழிலாளி". இல்லைன்னா "குடும்பத் தகராறில் மனமுடைந்த பெயின்டர்". இல்லைன்னா "மது அருந்த மனைவி பணம் தராததால்". வயசு பெரும்பாலும் முப்பதுல இருந்து ஐம்பதுக்குள்ள இருக்கும். கடைசி வரி மாறவே மாறாது: போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். அந்த விசாரணையில என்ன தெரிஞ்சுதுன்னு எந்தப் பேப்பர்லயும் வராது.

அந்த நாலு வரியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவிலூர், காரைக்குடிக்குப் பக்கத்துல. கொற்றவாளீசுவரர் கோவிலும் வேதாந்த மடாலயமும் இருக்கிற ஊர். செட்டிநாடுன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு தெரியும். ஆத்தங்குடி டைல்ஸ், தேக்குத் தூண், கல்யாண போட்டோஷூட், நண்டு மசாலா. அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவங்க, ஓடு மாத்துறவங்க, கல்யாணத்துக்குப் பந்தல் போடுறவங்க, பந்தியில இலை எடுக்கிறவங்க, அவங்களும் அதே ஊருதான். அந்தப் பக்கத்துத் தெருக்கள்ல ஆம்பிளைங்க அறுபதைத் தாண்டுறதே அபூர்வமாகிட்டு வர்ற மாதிரி எனக்குத் தோணுது. இது என் கண்ணுக்குப் பட்டது, ஆய்வு இல்லை. ஆய்வுக்கு வருவோம்.

முதல்ல அமெரிக்கா. 2015-ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள், கணவன் மனைவி, ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. டீட்டனுக்கு அதே வருஷம் நோபல் பரிசும் கிடைச்சது. அவங்க கண்டுபிடிச்சது இதுதான்: பணக்கார நாடுகள்ல எல்லா வயசுக்காரங்களோட இறப்பு விகிதமும் குறைஞ்சுக்கிட்டே போகும்போது, அமெரிக்காவுல நடுவயது வெள்ளையர்கள் மத்தியில மட்டும் 1990-களின் கடைசியில இருந்து அது ஏறுது. ஏன்னு பார்த்தா மூணு காரணம் முன்னால நிக்குது. தற்கொலை, போதை மருந்து அளவு மீறுறது, குடியால வர்ற கல்லீரல் நோய். இந்த மூணையும் ஒரே கூடையில போட்டு "விரக்தி மரணங்கள்"னு பேர் வெச்சாங்க. 2017-ல மட்டும் அமெரிக்காவுல இப்படி 1,58,000 பேர் செத்திருக்காங்க.

யாரு செத்தாங்கங்கிறதுதான் முக்கியம். காலேஜ் டிகிரி இல்லாதவங்க. டிகிரி வாங்கினவங்களை இந்த அலை பெரும்பாலும் தொடலை. ஃபேக்டரி வேலை போச்சு, அந்த வேலையோட சேர்ந்து வந்த யூனியன், கல்யாணம், சர்ச், ஊர்ல ஒரு மரியாதை, எல்லாம் மெதுமெதுவா போச்சு. இடையில வலி மாத்திரை கம்பெனிகள் புகுந்து சம்பாதிச்சாங்க. மாத்திரைகள் அவ்வளவு சுலபமா கிடைச்சதுதான் முக்கியக் காரணம், விரக்தியை ரொம்பப் பெரிசாக்கிப் பேசுறாங்கன்னு அவங்களை விமர்சிக்கிறவங்களும் உண்டு. நியாயமான விமர்சனம்தான். ஆனா அந்த "ஒரே கூடை" இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு.

ஏன்னா நம்ம ஊர்ல அந்தக் கூடையே கிடையாது. கூலித்தொழிலாளி ஒருத்தர் தற்கொலை செஞ்சுக்கிட்டா அது போலீஸ் ஸ்டேஷன் கணக்கு. கல்லீரல் போய்ச் செத்தா ஆஸ்பத்திரிக் கணக்கு, ஊர்க் கணக்குல அது "மஞ்சக் காமாலை". குடிச்சிட்டு ராத்திரி பைபாஸ்ல வண்டியை விட்டா சாலை விபத்து. கள்ளச்சாராயம் குடிச்சா அது கிரிமினல் கேஸ், அரசியல், சட்டசபையில வெளிநடப்பு. நாலும் நாலு பீரோவுல இருக்கு. நாலு பீரோவையும் ஒண்ணாத் திறந்து பார்க்கிற ஆள் இல்லை. ஆனா உள்ள இருக்கிறது பெரும்பாலும் ஒரே தெருவுல இருந்து வந்தவங்க.

இப்ப இருக்கிற கணக்கைப் பார்ப்போம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் தற்கொலைப் புள்ளிவிவரம் வெளியிடுது. 2021-ல இந்தியா முழுக்க 1,64,033 பேர். அதுல 42,004 பேர் தினக்கூலிகள். நாலுல ஒருத்தர். 2014-ல இது 12 சதவீதமாத்தான் இருந்தது. ஏழு வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல. (ஸ்டேஷன்ல தொழில்னு கேட்டா "கூலி"ன்னு எழுதுற பழக்கம் கூடியிருக்கலாம், அதனால அந்த ரெண்டு மடங்கை நான் அப்படியே விழுங்கலை. ஆனா முழுக்க ஒதுக்கவும் முடியாது.) வருமானம் பார்த்தா, இறந்தவங்கள்ல 64 சதவீதம் பேர் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவா சம்பாதிச்சவங்க. மாசம் எட்டாயிரம் சொச்சம். படிப்பு பார்த்தா, டிகிரியும் அதுக்கு மேலயும் படிச்சவங்க 4.6 சதவீதம்தான்.

தமிழ்நாட்டுக்கு வாங்க. அதே 2021-ல இங்க 18,925 பேர். அதுல தினக்கூலிகள் 7,673. பத்துல நாலு பேர். இந்தியாவுல வேற எந்த மாநிலத்துலயும் அந்த வருஷம் இத்தனை தினக்கூலிகள் தற்கொலையால சாகலை.

இங்க ஒரு கேள்வி வரணும். ஏழ்மைதான் காரணம்னா பீகார்ல இது நம்மளை விட எத்தனையோ மடங்கு இருக்கணுமே? 2022 கணக்குப்படி பீகார்ல லட்சத்துக்கு ஒருத்தர்கூட இல்லை, 0.6. தமிழ்நாட்டுல 25.9. கேரளாவுல 28.5. நல்லாப் படிச்ச, நல்லா வளர்ந்த, ஆஸ்பத்திரி இருக்கிற மாநிலங்கள்ல அதிகம். பீகார்ல ஒழுங்கா எழுதுறதே இல்லைங்கிறது இதுல ஒரு பங்கு. மீதி என்னன்னு நான் நினைக்கிறதைச் சொல்றேன். எல்லாரும் ஒண்ணா ஏழையா இருக்கிற ஊர்ல இருக்கிறது ஒரு மாதிரி. பக்கத்து வீட்டுப் பையன் சிங்கப்பூர் போய் மாடி கட்டிட்டான், கூடப் படிச்சவன் ஓஎம்ஆர்ல வேலை பார்க்குறான், நீ மட்டும் அதே ஏணியில ஏறி அதே சுவத்துக்கு பெயின்ட் அடிக்கிறேங்கிறது வேற மாதிரி. அமெரிக்காவுல இருந்ததைப் பறிகொடுத்தவங்க செத்தாங்க. இங்க, படிச்சா வந்துடும், உழைச்சா வந்துடும்னு சொல்லப்பட்டது வராமலே போனவங்க.

சரி, இந்தக் கணக்குல குடி எங்க இருக்கு? அதே 2021 அறிக்கையில "போதை, மது அடிமைத்தனம்" காரணம்னு எழுதப்பட்டது 6.4 சதவீதம். "குடும்பப் பிரச்சினை" 33.2 சதவீதம். "நோய்" 18.6 சதவீதம். கேட்டா குடிப் பிரச்சினை சின்னதுன்னு தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு சாவுக்கு ஸ்டேஷன்ல ஒரே ஒரு காரணம்தான் எழுதணும். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனாங்க. அது குடும்பப் பிரச்சினை. ஏன் போனாங்க? வயித்துவலி. அது நோய். அந்த வயித்துவலி எதனால? கணையமும் இரைப்பையும் வெந்து போற அளவுக்குக் குடிச்சா நிஜமாவே தீராத வயித்துவலி வரும், பொய் இல்லை. சில சமயம் வயித்துவலிங்கிறது வேற எதையோ மறைக்க வீட்டுல சொல்ற வார்த்தை. பொண்ணுங்க விஷயத்துல அது இன்னும் அதிகம். புருஷன் குடியால செத்த பொண்ணுங்களோட சாவும் "வயித்துவலி"யிலதான் போய் அடங்குது.

மறைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. தற்கொலை முயற்சி ரொம்ப காலம் குற்றமா இருந்தது. 2017 மனநலச் சட்டம் அதை மாத்தி, அப்படி முயற்சி பண்றவர் கடுமையான மன அழுத்தத்துல இருந்தவர்னுதான் பார்க்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. ஆனா போஸ்ட்மார்ட்டம், ஸ்டேஷன், ஊர் வாய், மூணுக்கும் பயம் போகலை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்துல 1994-ல இருந்து 1999 வரைக்கும் வீடு வீடா போய், செத்தவங்களைப் பத்தி நிதானமா உட்கார்ந்து கேட்டுக் கணக்கெடுத்தாங்க. லட்சத்துக்கு 95 பேர்னு வந்தது. அப்ப நாட்டோட அதிகாரபூர்வக் கணக்கு பத்து, பதினொண்ணுதான். பேப்பர்ல வர்ற நாலு வரியே, வந்த வரைக்கும்தான்.

எனக்கு மாமா முறை வேணும் ஒருத்தர். பெயின்டர். சாரம் கட்டி உயரத்துல நின்னு பெரிய வீடுகளுக்கு அடிக்கிறதுல கெட்டிக்காரர். நாள் பூரா கையைத் தலைக்கு மேல தூக்கியே வேலை. சாயங்காலம் தோள்பட்டை கழண்டு விழுற மாதிரி இருக்கும்னு சொல்வார். "மாப்ள, உனக்கு வலிச்சா டாக்டர்கிட்ட போவ, லீவு போடுவ. நான் லீவு போட்டா சோறு இல்ல. குவார்ட்டர் போட்டா காலையில ஏணி ஏறலாம்." இதை அவர் சாக்குன்னு நினைச்சுச் சொல்லலை, எனக்கும் சாக்காத் தெரியலை. குடிக்கிற தினக்கூலிகள்ல முக்கால்வாசிப் பேரைக் கேளுங்க, முதல்ல உடம்பு வலியைத்தான் சொல்வாங்க. முதல் அஞ்சு வருஷம் அது மருந்து மாதிரி வேலை செய்யும். அப்புறம் கை நடுக்கத்தை நிறுத்த காலையிலயே குடிக்கணும். அப்புறம் அந்த நடுக்கத்தாலேயே யாரும் சாரத்துல ஏத்த மாட்டாங்க. நாப்பத்தி நாலு வயசுல காமாலையில போயிட்டார்னு ஊர்ல இன்னைக்கும் சொல்றாங்க. வயிறு வீங்கி, கண்ணு மஞ்சளாகி, ரத்த வாந்தி எடுத்தவருக்கு வந்தது வெறும் காமாலை இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஒரு கணக்கு போடுவோம். நாள் கூலி 800 ரூபாய், மாசம் 25 நாள் வேலை கிடைக்குதுன்னு வெச்சுப்போம். மழைக்காலத்துல அதுவும் கிடையாது. 20,000 ரூபாய். ஒரு சாதா குவார்ட்டர் 140 ரூபாய்னு வெச்சா, தினம் ஒண்ணுன்னா மாசம் 4,200. வருமானத்துல 21 சதவீதம். ஐடி கம்பெனியில ஒன்றரை லட்சம் வாங்குற ஒருத்தர் அதே 4,200-ஐக் குடிச்சா மூணு சதவீதம்கூட வராது. நம்ம ஆளுங்க சனிக்கிழமை பப்புக்குப் போனா அது வீக்எண்ட். அவர் சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிட்டுக் கடைக்குப் போனா குடிகாரன். இதைக் கேட்கிற உங்களையும் பேசுற என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அந்த 4,200-ல பெரும் பங்கு வரியா அரசுக்குப் போகுது. டாஸ்மாக் 1983-ல மொத்த வியாபாரத்துக்காக ஆரம்பிச்ச கம்பெனி. 2003 நவம்பர்ல இருந்து சில்லறை விற்பனையும் அதுதான். அந்த முதல் வருஷம் அரசுக்கு வந்த வருமானம் சுமார் 3,600 கோடி. 2023-24-ல 45,855 கோடி. நடுவுல ரெண்டு கட்சியும் ஆண்டிருக்கு, ரெண்டு கட்சியும் தலைக்கு சில நூறு கடைகளை மூடியிருக்கு. 2023 ஜூன்ல 500 கடைகள் மூடின பிறகு 4,829 கடைகள் இருந்தன. வருமானம் குறையலை. அதே 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சாங்க, மாசம் ஆயிரம் ரூபாய். நல்ல திட்டம், எங்க ஊர்ல அந்த ஆயிரத்தை நம்பி காஸ் சிலிண்டர் வாங்குற அக்காங்களை எனக்குத் தெரியும். ஆனா ஒரே வீட்டுல புருஷன் பாக்கெட்ல இருந்து நாலாயிரம் போய், பொண்டாட்டி அக்கவுண்ட்டுக்கு ஆயிரம் திரும்பி வருது.

அந்த 140 ரூபாயும் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? ரெண்டு பேர் சேர்ந்து ஒரு குவார்ட்டரைப் பிரிப்பாங்க, அதுதான் கட்டிங். அதுக்கும் வழியில்லைன்னா பாக்கெட் சாராயம். 2023 மே மாசம் மரக்காணம் பக்கத்துலயும் செங்கல்பட்டு மாவட்டத்துலயும் 20-க்கும் மேற்பட்டோர். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60-க்கும் மேற்பட்டோர். ரெண்டுலயும் மெத்தனால். தொழிற்சாலையில கரைப்பானா பயன்படுற பொருள். உடம்புக்குள்ள போனா ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண் நரம்பைத் தாக்கும், அதனாலதான் பிழைச்சவங்க சிலர் பார்வையை இழந்தாங்க. அங்க செத்தவங்க பெரும்பாலும் கூலி வேலை செய்றவங்க. டாக்டரோ, வாத்தியாரோ கள்ளச்சாராயத்துல செத்ததா நாம படிச்சதில்லை.

உடனே "அப்ப மதுவிலக்கு கொண்டு வரலாமே"ன்னு கமெண்ட் வரும். பீகார்ல 2016-ல இருந்து முழு மதுவிலக்கு. 2022 டிசம்பர்ல சாரண் மாவட்டத்துல கள்ளச்சாராயத்துக்குக் கொத்துக் கொத்தாச் செத்தாங்க. கடையை மட்டும் மூடினா உடம்பு வலி போகாது, கை நடுக்கமும் போகாது. இதை விட எனக்கு நம்பிக்கை தர்ற விஷயம் ஒண்ணு எங்க ஊர்லயே இருக்கு.

எங்க பக்கம் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போறது பெரிய விஷயம். நகரத்தார் காவடி எடுத்துப் போவாங்க, கூடவே எல்லா ஊர்க்காரங்களும் நடப்பாங்க. ஐயப்பனுக்கு மாலை போடுறவங்களும் உண்டு. எங்க மாமா கார்த்திகையில மாலை போட்டா 48 நாள் ஒரு சொட்டு தொட மாட்டார். காலையில குளிச்சு, திருநீறு பூசி, வேலைக்கு வருவார். அந்த 48 நாளும் மேஸ்திரியில இருந்து வீட்டுக்காரர் வரைக்கும் அவரை "சாமி"ன்னு கூப்பிடுவாங்க. "சாமி, டீ சாப்பிடுறீங்களா?" மாலையைக் கழட்டின மறுநாள் திரும்ப "டேய், மேல ஏறுடா".

இதை நான் பக்தியோட மகிமைன்னு மட்டும் பார்க்கலை. அந்த 48 நாள்ல அவருக்குக் கூட்டாளிங்க இருந்தாங்க, சாயங்காலத்துக்குப் போக பஜனை இருந்தது, உடம்பைப் பார்த்துக்க ஒரு காரணம் இருந்தது, வயசுக்கு மரியாதை இருந்தது. கேஸும் டீட்டனும் அமெரிக்காவுல என்னென்ன காணாமப் போச்சுன்னு பட்டியல் போட்டாங்களோ, அது கிட்டத்தட்ட இதேதான். இன்னொண்ணும் சொல்லணும். பல வருஷம் தினமும் குடிக்கிறவங்க, மாலையோ கோவில் கயிறோ கட்டி, திடீர்னு ஒரே நாள்ல நிறுத்தினா வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால நிறுத்துறதும் டாக்டர் கண்காணிப்புல நடக்கணும். 2020 ஊரடங்குல கடைகளை ஒரே ராத்திரியில மூடினப்ப இதை நாடு முழுக்கப் பார்த்தோம். இதுக்குன்னு தமிழ்நாடு அரசு மருத்துவமனைகள்ல 2025-ல "கலங்கரை"ங்கிற பேர்ல 25 போதை மீட்பு மையங்கள் திறந்திருக்காங்க. 2023-ல இருந்த 4,829 கடையோட வெச்சுப் பார்த்தா 25 மையம். ஆனா அதுவாவது இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியணும்.

தடுக்க முடியுமான்னு கேட்டா, முடியும்னு காட்டின நாடு ரொம்ப தூரத்துல இல்லை. 1990-களின் நடுவுல இலங்கையில தற்கொலை விகிதம் உலகத்துலயே உச்சத்துல இருந்த ஒண்ணு. ரொம்ப ஆபத்தான பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியா தடை செஞ்சாங்க. அடுத்த இருபது வருஷத்துல சுமார் 70 சதவீதம் குறைஞ்சது. போர், சுனாமி, வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாத்துக்கும் நடுவுல. அந்த மோசமான ஒரு மணி நேரத்தைத் தாண்டிட்டா பெரும்பாலானவங்க வாழத்தான் விரும்புறாங்கங்கிறது இதுல தெரியுது. சென்னையில டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல ஆரம்பிச்ச சிநேகா அமைப்பு, காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்கள்ல பூச்சிமருந்தை வீட்டுல வைக்காம ஊர்ப் பொது இடத்துல பூட்டி வைக்கிற முறையைச் செஞ்சு பார்த்திருக்காங்க. ரொம்பச் சாதாரணமான யோசனை. குடிச்சிட்டு, சண்டை போட்டுட்டு இருக்கிற ராத்திரியில அந்தப் பூட்டு கொஞ்சம் நேரம் வாங்கித் தருது.

கூலிக்காரருக்கு மனநல டாக்டர்னு சொன்னா, "அதுக்கு ஒரு நாள் கூலி போகுமே"ம்பாங்க. நியாயம்தான். சனிக்கிழமை சம்பளம் கடை வாசல்ல கொடுக்கிறதை நிறுத்தி பேங்க்ல போடுறது, தோள்வலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல சாயங்காலமும் டாக்டர் இருக்கிறது, நாப்பது வயசுக்கு மேல சாரத்துல ஏற முடியாதவருக்கு வேற வேலை. மது ஒழிப்புக் கூட்டத்துல யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லை. எனக்கென்னமோ இதெல்லாம்தான் மது ஒழிப்பு.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கோ பேசணும்னு இருந்தா: தமிழ்நாடு அரசோட "நட்புடன் உங்களோடு" மனநல சேவை 14416, எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. சுகாதார உதவி எண் 104. சிநேகா 044-24640050. உங்க ஃப்ளாட்டுக்கு பெயின்ட் அடிக்க வர்ற அண்ணன்கிட்ட ஸ்மார்ட்போன் இல்லாம இருக்கலாம், இந்த எபிசோட் அவர் காதுக்குப் போகாது. 14416-ஐ ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தா சட்டைப் பையில வெச்சுக்குவார்.